38,000 ரூபாய் போச்சு: குமரி மாவட்டத்தில் ஷூட்டிங்குக்கு மைக் வாடகைக்கு எடுப்பவர்கள் படிக்கவும்

குறும்படம், ஆவணப்படம் என்று எதையாவது எடுக்கக் கிளம்பியிருக்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். நாகர்கோவிலில் ஒரு வாடகைக் கடை எங்களிடம் 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, பேசிய சாமான் எதையும் அனுப்பாமல், கேமரா தலையில் செருகும் ஒரு மைக்கை மட்டும் கொடுத்து நாலு நாள் வேலையையும் பாழாக்கிவிட்டது. புகார் கொடுக்கப் போகிறோம், அதனால் பெயரைப் போடவில்லை. கல்யாண வீடியோ எடுப்பது, டிரோன், லைட், லென்ஸ் வாடகைக்கு விடுவது என்று எல்லாம் செய்யும் வகைக் கடை. இன்று மத்தியானம் கடைக்காரர் போனில் பேசிய பேச்சைக் கேட்ட கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். என்னென்ன பார்த்து எடுக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

படம் ஒக்கிப் புயலைப் பற்றியது. 2017 நவம்பர் 30 நம் கரையில் யாருக்கும் மறக்காது. முட்டம் பக்கத்தில் ஒரு பாட்டி, அந்தப் புயலில் மகனைப் பறிகொடுத்தவர், இவ்வளவு வருஷம் கழித்து கேமரா முன்னால் பேசச் சம்மதித்தார். அவரைத் தவிர, விசைப்படகில் வேலை பார்க்கும் சிலரும் பேசினார்கள். ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவர்கள் கரையில் இருப்பார்கள், ஜூலை 31 தாண்டினால் ஆழ்கடலுக்குப் போய்விடுவார்கள். அதே ரெண்டு மாதம்தான் கச்சான் காற்று ஆளைத் தள்ளும். காற்று இருக்கும், கடல் இரையும் என்று தெரிந்துதான் சத்தத்துக்கென்றே தனியாகப் பணம் ஒதுக்கினோம். கேமரா நண்பனுடையது. கடையில் எடுத்தது ஆடியோ மட்டும்: ஆள் தலைக்கு மேலே நீட்டிப் பிடிக்கும் பூம் கம்பு, அதில் மாட்டும் ஷாட்கன் மைக் (நேரே முன்னால் இருந்து வரும் சத்தத்தை அதிகமாகப் பிடிப்பது), காற்றை அடைக்கும் ரோமக் கவர், சட்டையில் குத்தும் மூணு லேப்பல் மைக், தனி ரெக்கார்டர், இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு சவுண்ட் ஆள். நாலு நாளைக்கு 38,000. அட்வான்ஸ் 25,000, மீதி கடைசி நாள்.

நம்பினதுக்குக் காரணம் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்று அந்த அண்ணாச்சி எல்லாவற்றையும் பெட்டியைத் திறந்து மேஜை மேல் பரப்பினார். ரோமக் கவரை மைக்கில் மாட்டி டேபிள் ஃபேனை நேராகத் திருப்பிவைத்தார். ஹெட்போனை அவர் கையாலேயே என் காதில் மாட்டிவிட்டு, வாசலுக்குப் போய் நின்று, கடைப் பையனைத் தலைக்கு மேலே கம்பைப் பிடிக்கச் சொல்லி மெதுவாகப் பேசினார். ரோட்டில் பஸ் போகிறது, ஃபேன் ஓடுகிறது, அவர் குரல் மட்டும் காதுக்குள்ளே வந்து பேசுகிற மாதிரி விழுந்தது. "மக்கா, நம்ம ஊரு பிள்ளைய ஒக்கியைப் பத்திப் படம் எடுக்குதிய, நான் காசுக்காகச் செய்யல்ல" என்றார். அந்தப் பேச்சுக்குத்தான் வேறு எங்கும் விசாரிக்காமல் 25,000 ரூபாயை எடுத்து வைத்தேன்.

ஷூட்டிங் அன்று காலையில் வந்தது வேறு பை. ஒரு பையன், ஒரு சின்ன மைக், அதற்கு ஒரு பஞ்சுக் கவர், ஒரு வயர். அவ்வளவுதான். பூம் எங்கே தம்பி என்றால், "திருவனந்தபுரம் ஷூட்டுக்குப் போயிருக்குண்ணே, மத்தியானம் வந்துரும்." கடைக்குப் போன் போட்டேன். "அதுவும் ஷாட்கன்தான் மக்கா. கம்புல மாட்டினா பூம், கேமரால மாட்டினா கேமரா மைக். சத்தம் ஒண்ணுதான்." பாட்டி நல்ல சேலை உடுத்தி, முடி சீவி, திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பி இன்னொரு நாள் வாருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? ஹெட்போன் கேட்டோம், எடுத்து வரவில்லை என்றான். பூம் அன்று மத்தியானமும் வரவில்லை, மற்ற நாட்களிலும் வரவில்லை.

சத்தம் ஒண்ணுதான் என்பது முழுப் பொய், இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மைக் எந்த ரகமாக இருந்தாலும் வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எல்லாமே. தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தடவையும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் இறங்கும். பூம் என்றால் தலைக்கு மேலே ரெண்டு அடியில் நிற்கும். கேமரா 16 அடி தள்ளி நின்றால் மைக்கும் 16 அடி தள்ளித்தான் நிற்கும், குரல் 18 டெசிபல் போச்சு. ஆனால் கடல் இரைச்சல் எங்கே நின்றாலும் அதே அளவு. சரி என்று லெவலை, அதாவது பதிவாகும் சத்த அளவை, ஏற்றினால் கடலும் சேர்ந்து ஏறுகிறது. லென்ஸ் ஃபோகஸ் பிடிக்கும் கிர்ர் சத்தம், கேமராவில் விரல் படுவது எல்லாம் அந்த மைக்குக்குப் பாட்டியை விடப் பக்கம். கேமரா அந்தப் பக்கம் திரும்பினால் மைக்கும் திரும்பிவிடும், பேசுகிறவர் குரல் மங்கிவிடும். வைடிலிருந்து குளோசப்புக்கு வெட்டும்போது கடல் ஒரு ஷாட்டில் உறுமுகிறது, அடுத்த ஷாட்டில் அடங்குகிறது, படத்தை ஒட்டவே முடியவில்லை. வீட்டுக்குள் எடுத்தது இன்னும் மோசம், சிமெண்ட் சுவரில் மோதித் திரும்பும் சத்தம் குரலோடு கலந்து டொள்ளென்று கேட்கிறது. கேமரா மைக் எதற்கு என்றால், தனி ரெக்கார்டரில் பதிந்த சத்தத்தைப் பிறகு படத்தோடு பொருத்திக்கொள்ள ஒரு அடையாளத்துக்கு. பேச்சைப் பதிவதற்கு இதை மட்டும் நம்பி எந்த நல்ல சவுண்ட் ஆளும் வேலை செய்ய மாட்டார்.

பாட்டி பேசியது ஒரே டேக். "ராத்திரி எல்லாம் கடப்பொறத்துல நின்னேன் மக்களே" என்று தொடங்குகிறார், அதுவரை கேட்கிறது. அப்புறம் காற்று மைக்கில் அறைகிறது, டப் டப் என்று. எடிட்டிங்கில் பார்த்தால் சத்தத்தைக் காட்டும் அலைவரி மேலேயும் கீழேயும் சீவியெடுத்தது போல நிற்கிறது. உதடு அசைகிறது, கை முந்தானையைப் பிடித்து முறுக்குகிறது, சொல் ஒன்றும் இல்லை. லெவல் முட்டி வெட்டுப்பட்ட சத்தத்துக்குள் திரும்ப எடுக்க எதுவும் கிடையாது. அந்தப் பாட்டியிடம் போய் மறுபடி அழச் சொல்ல என்னால் முடியாது, நான் கேட்கவும் மாட்டேன்.

இதைச் சொன்னதும் கடையில் வந்த பதில்களைப் பாருங்கள். முதலில் "எடிட்ல பாத்துக்கிடலாம்." அப்புறம் "ஏஐ போட்டா காத்து போயிரும்." போட்டோம், காற்றோடு சேர்ந்து குரலும் போனது, மிஞ்சினது தண்ணிக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. அப்புறம் "ஃபைலை அனுப்புங்க, எங்க இன்ஜினியர் கேப்பாரு." அனுப்பினேன், லிங்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம் வெளியூரில் இருக்கிறாராம். அப்புறம் ஓணம் முடியட்டுமாம். ஓணமும் முடிந்தது. நேரில் போனால் கடைப் பையன் "அண்ணாச்சி இப்பதான் வெளியே போனாரு" என்கிறான், உள்ளே அவர் குரல் கேட்கிறது. இன்று போனில் சொன்னது இது: "கடல்ல போய் எடுத்தா கடல் சத்தம்தான் கேக்கும். படம் நல்லாத்தானே இருக்கு? அடுத்த படத்துக்குக் கொறச்சுத் தாறேன்." 38,000 ரூபாய் வாங்கின மனுஷன் பேசும் பேச்சா இது? அந்த ஒரு மைக்கும் பையனும்தான் வருவார்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் 38,000 கேட்டிருக்க முடியுமா? எங்களில் ஒருத்தன் பைக்கை அடகு வைத்துப் பங்கு போட்ட பணம் அது.

பில்லில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா, "ஆடியோ, 4 நாள், 38,000." பூம் என்ற சொல்லே இல்லை.

விவரமாக எழுத உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பில்லில் ஒவ்வொரு சாமான் பெயரும், மாடலும் இருக்க வேண்டும், கடையில் காட்டிய சாமானைப் போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி "இதுதானே வரும்" என்று பதில் வாங்குங்கள். அட்வான்ஸ் பாதிக்கு மேல் கூடாது. ஹெட்போன் நம் கையில் இருக்க வேண்டும், டைரக்டரோ வேறு யாரோ முதல் டேக்கைக் கேட்ட பிறகுதான் இரண்டாவது. கரையிலும் சரி, காற்று அடிக்கும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் சரி, ரோமக் கவர் இல்லாமல் மைக்கை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள். ஏமாந்தால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, நான் நாளைக்கு அதில்தான் தொடங்கப் போகிறேன்.

பாட்டியின் பேச்சு போனது போனதுதான். படகுக்காரர்கள் ரெண்டு பேர் கிறிஸ்துமஸுக்குக் கரைக்கு வருவார்கள், அவர்களை வைத்தாவது மறுபடி எடுக்க வேண்டும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பூமும் ரெக்கார்டரும் சொந்தமாக வைத்திருக்கும், ஹெட்போன் மாட்டி வேலை செய்யும் சவுண்ட் ஆள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள், சாமானைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.