ஏடிவி பேட்டரி ஏன் அடிக்கடி படுத்துவிடுகிறது? நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

ஸ்விட்சை அழுத்தினால் ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) அசையவில்லை; உடனே புதுப் பேட்டரி வாங்கிப் போடுகிறார்கள். வண்டி கிளம்பிவிடும். இரண்டு மாதம் கழித்து அதுவும் படுத்துவிட்டால் பேட்டரிக் கம்பெனிக்குத் திட்டு விழும். சார்ஜ் ஏறாத வண்டியிலோ, நிற்கும்போதே கரண்ட் கசியும் வண்டியிலோ எந்தப் பேட்டரியைப் போட்டாலும் கதை இதுதான். ஒரு சாதாரண மல்டிமீட்டரும் 10 மி.மீ. ஸ்பேனரும் இருந்தால் குறை எங்கே என்று அரை மணி நேரத்தில் பிடித்துவிடலாம்.

மீட்டரை எடுக்குமுன் சத்தத்தைக் கேளுங்கள். ‘டக் டக் டக்’ என்று ரிலே (ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) வேகமாக அடித்துக்கொண்டால் வோல்ட் போதவில்லை. ஒரே ஒரு ‘டக்’கோடு நின்றால் ரிலேயின் உள்முனை தேய்ந்திருக்கலாம், கேபிள் இணைப்பு தளர்ந்திருக்கலாம், ஸ்டார்ட்டர் மோட்டாரே சிக்கியிருக்கலாம். சத்தமே இல்லாவிட்டால் கில் ஸ்விட்ச் (இன்ஜினை அணைக்கும் ஸ்விட்ச்), நியூட்ரல், பிரேக் லீவர் ஸ்விட்ச், மெயின் ஃபியூஸ் இவற்றை முதலில் பாருங்கள். கில் ஸ்விட்ச் ஆஃபில் இருப்பது தெரியாமல் பேட்டரியைக் கழற்றியவர்கள் நிறையப் பேர்.

அடுத்து வோல்ட். சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தால் பொய்க் கணக்குதான் வரும். சில மணி நேரம் ஆறவிட்டு, சாவி ஆஃபில் இருக்கும்போது அளக்கவேண்டும். ஏஜிஎம் வகை (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் மூடிய பேட்டரி) 12.8-ஐ ஒட்டிக் காட்டினால் நிறைந்திருக்கிறது. அமிலம் ஊற்றும் பழைய வகைக்கு 12.6 போதும். 12.2-க்கு வந்தால் பாதி காலி. 12-க்குக் கீழே அநேகமாகக் காலி. எவ்வளவு சார்ஜ் போட்டாலும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது என்று பொருள். அதற்கு மருந்து கிடையாது.

12.7 காட்டுகிறதே என்று பேட்டரியை நல்லதென முடிவு கட்டிவிடாதீர்கள். மீட்டர் முனைகளை டெர்மினலிலேயே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். 10 வோல்ட்டுக்கு மேலே நின்றால் தாராளம். 9.5-க்குக் கீழே சரிந்தால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் உப்பு பிடித்து வலு போய்விட்டது. இன்ஜெக்ஷன் வண்டியில் இந்தச் சரிவு இன்னும் வம்பு. ஸ்டார்ட்டர் சுற்றும், ஆனால் இசியூவுக்கும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஃபியூவல் பம்புக்கும் வோல்ட் போதாமல் இன்ஜின் பிடிக்காது. அதைப் பெட்ரோல் கோளாறு என்று நினைத்து பம்பை மாற்றுகிறவர்கள் உண்டு.

வோல்ட் சரியாக இருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறதா? எர்த்தை, அதாவது பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் ஃபிரேமோடும் சேர்க்கும் இணைப்பை, சந்தேகியுங்கள். சேற்றிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டியில் இதுதான் அதிகம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட் அடியுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் இணைப்பு கெட்டிருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயின்ட்டையும் உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி இறுக்கினால் பாதி வழக்கு அங்கேயே முடியும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். மாற்றிச் செய்தால், பாசிட்டிவ் போல்ட்டில் இருக்கும் ஸ்பேனர் ஃபிரேமைத் தொட்ட நொடியில் தீப்பொறி பறக்கும்.

இனி சார்ஜிங். வண்டியை ஓடவிட்டு, ஆர்பிஎம்மை 3000-க்கு மேலே பிடித்து டெர்மினலில் அளந்தால் 13.8 முதல் 14.8 வரை இருக்கவேண்டும். 12.6-லிருந்து ஏறவே இல்லை என்றால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது. அது பேட்டரியை உப்ப வைத்துக் கொல்லும், அழுகிய முட்டை வாடையும் வரும். சார்ஜ் வராவிட்டால் ஸ்டேட்டரிலிருந்து (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் கம்பிச்சுருள்) வரும் மூன்று வயர்களின் கப்ளரை, அதாவது சொருகு இணைப்பை, பிரியுங்கள். பல வண்டிகளில் மூன்றுமே மஞ்சள். இரண்டிரண்டாக ஓம் அளந்தால் மூன்று தடவையும் ஒரே அளவு, பெரும்பாலும் 1 ஓமுக்குக் கீழே வரும். எந்த வயருக்கும் எர்த்தோடு தொடர்பு இருக்கக்கூடாது. பிறகு இன்ஜினை ஓட்டி ஏசி வோல்ட்டில் அளந்தால் மூன்றும் சமமாக, வேகத்தோடு சேர்ந்து ஏறவேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் சார்ஜ் இல்லை என்றால் ரெகுலேட்டர்தான். ஆனால் புதிது வாங்குமுன் அதன் கப்ளரைப் பாருங்கள், பழுப்பேறி உருகியிருக்கும். ரெகுலேட்டரின் மடிப்புகளில் சேறு அப்பிக் காய்ந்திருந்தால் சூடு வெளியேறாது, அடுத்ததும் அதே வழியில் போகும். இந்தச் சோதனையின்போது ‘பேட்டரியைக் கழற்றியும் ஓடுகிறதா பார்ப்போம்’ என்று மட்டும் செய்யாதீர்கள். எகிறும் வோல்ட் இசியூவைப் பலி வாங்கும்.

எல்லாம் சரி, ஆனால் இரண்டு வாரம் நிறுத்தினால் படுத்துவிடுகிறது என்றால் கசிவு. சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்ப் துளையில் வைத்து மாட்டுங்கள். இந்த நிலையில் ஸ்டார்ட் பட்டனைத் தொட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ஒன்றிரண்டு மில்லி ஆம்ப் இயல்பு. 20 மில்லி ஆம்ப் இழுத்தால் நாளுக்கு 0.48 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) போகும். 12 ஆம்பியர்-அவர் பேட்டரி பன்னிரண்டு நாளில் பாதியாகிவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதை எடுத்தால் அளவு விழுகிறது என்று பாருங்கள். நேராக பேட்டரியில் சொருகிய ஜிபிஎஸ், யுஎஸ்பி சாக்கெட், சவுண்ட் சிஸ்டம் இவைதான் வழக்கமான திருடர்கள்.

வண்டியில் குறையே இல்லாமலும் பேட்டரி இறங்கும். வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) முழு பாரத்தில் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஐடிலில் நிற்கும் ஸ்டேட்டரால் அதில் சிறு பங்கைக்கூட ஈடுகட்ட முடியாது. ஐந்து நிமிட ஓட்டம், நிறுத்தம், மறுபடி ஸ்டார்ட் என்று போனாலும் எடுத்தது திரும்ப ஏறாது. இப்படி ஓட்டுகிறவர்கள் நிறுத்தும் இடத்திலேயே மெயின்டெய்னர் சார்ஜர் (பேட்டரியை எப்போதும் நிறைவாக வைத்திருக்கும் சிறு சார்ஜர்) ஒன்றை மாட்டிவைப்பதுதான் மலிவான வழி.

சார்ஜ் கரண்ட் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு: 12 ஆம்பியர்-அவருக்கு 1.2 ஆம்பியர். அடியோடு இறங்கியதை ஸ்மார்ட் சார்ஜர் பேட்டரி என்றே ஏற்காது. நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒன்றைப் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸாகச் சிறிது நேரம் இணைத்துவைத்தால் சார்ஜர் கண்டுகொள்ளும். லித்தியம் பேட்டரிக்கு இந்த வித்தை வேண்டாம். அதற்கென்று இருக்கும் சார்ஜரைத்தான் போடவேண்டும், சல்ஃபேட் கரைக்கும் மோடும் கூடாது. எடை குறைவு என்பது லித்தியத்தின் பெரிய சுகம், கடுங்குளிரில் முதல் ஸ்டார்ட்டுக்கு முரண்டு பிடிப்பது அதன் குணம். முரட்டு வேலைக்கு ஏஜிஎம்மே மேல். அமிலத்தைத் தனியாகத் தரும் வகையானால் ஊற்றி, குமிழ் அடங்கியபின் முழுச் சார்ஜ் போட்டுத்தான் மாட்டவேண்டும்; அவசரப்பட்டால் ஆயுசு முழுக்க அரைகுறையாகவே இருக்கும்.

வழியில் நின்றுவிட்டால், பெல்ட் சிவிடி (பெல்ட்டில் இயங்கும், கியர் மாற்றத் தேவையில்லாத) வண்டியைத் தள்ளிப் பிரயோஜனமில்லை. இன்ஜின் சுற்றாதவரை கிளட்சோ பெல்ட்டோ பிடிக்காது. கார் பேட்டரியிலிருந்து கேபிள் போடுவதானால் கார் இன்ஜின் ஆஃபில் இருக்கட்டும். பிளஸ் இரண்டையும் முதலில் இணைத்து, கடைசி மைனஸை ஏடிவியின் பேட்டரியில் மாட்டாமல், அதைவிட்டுத் தள்ளி ஃபிரேமில் மாட்டுங்கள்.