குளவி இல்லாத குளவி சீரம்

நாத்தனார் ஆன்லைனில் வாங்கிய பாட்டிலைக் கடைக்கே எடுத்து வந்துவிட்டாள். "அண்ணி, இதுல குளவி விஷம் இருக்காம். சுருக்கம் போயிடுமாம். நீங்க முதல்ல போட்டுப் பார்த்துச் சொல்லுங்க." மருந்துக்கடையில் நிற்கிறவள் என்பதால் வீட்டுக்குச் சோதனை எலியும் நான்தான். மூன்று வாரம், தினமும் ராத்திரி நாலு சொட்டு.

பாட்டிலைக் குறை சொல்ல மாட்டேன். பழுப்புக் கண்ணாடி, ஒழுகாத டிராப்பர். சீரம் பிசுபிசுக்கவில்லை, காலையில் முகம் மெத்தென்றுதான் இருந்தது. பட்டியலில் இரண்டாவதாகக் கிளிசரின் இருக்கும்போது எந்த முகமும் மெத்தென்றுதான் இருக்கும். கண்ணோரச் சுருக்கம் வந்த இடத்திலேயே இருக்கிறது.

பூசியதும் கன்னத்தில் ஜில்லென்று ஒரு குறுகுறுப்பு. "விஷப் பெப்டைட் வேலை செய்வதன் அடையாளம்" என்கிறது உள்ளே இருந்த துண்டுச்சீட்டு. சின்ன வயதில் பரணில் கைவிட்டுக் குளவியிடம் கொட்டு வாங்கியவள் நான். அது ஜில்லென்று இருக்கவில்லை. புறங்கை பன்னாகி, இரண்டு நாள் விரலை மடக்க முடியவில்லை. அந்த வீக்கத்துக்குப் பின்னால் இருக்கும் சரக்குகளில் ஒன்றுக்கு மாஸ்டோபரான் என்று பெயர். 14 அமினோ அமிலம் கோத்த சின்னச் சங்கிலி (இப்படிக் கோத்த சின்னச் சங்கிலிக்குத்தான் பெப்டைட் என்று பெயர்), 1979-ல் ஜப்பானியர்கள் பிரித்தெடுத்தது. அலர்ஜிக்குக் காரணமான நம் மாஸ்ட் செல்களை உசுப்பி, வீக்கமும் அரிப்பும் தரும் ஹிஸ்டமினைக் கொட்ட வைக்கும். ஜில்லிப்புக்குக் காரணம் பாட்டிலின் முதுகிலேயே, பொடி எழுத்தில் இருந்தது: மென்தால்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிச்சத்தையும் படித்தேன். தண்ணீர், கிளிசரின், ஏதேதோ, ஃபீனாக்ஸி எத்தனால், அதற்கும் பின்னால் அசிட்டைல் ஹெக்ஸாபெப்டைட்-8. பட்டியலில் இருக்கும் ஒரே பெப்டைட் இதுதான். ஃபீனாக்ஸி எத்தனால் கெடாமல் இருக்கச் சேர்ப்பது. வழக்கமாக 1 சதவீதத்தைத் தாண்டாது. அதற்குப் பின்னால் எழுதியதெல்லாம் அந்த 1 சதவீதத்துக்குள்ளேதான். அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஹெக்ஸாபெப்டைடுக்கும் குளவிக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை. தசையைச் சுருங்கச் சொல்லும் சேதி நரம்பு நுனியிலிருந்து கிளம்ப உதவும் ஸ்நாப்-25 என்று ஒரு புரதம் இருக்கிறது. அதன் ஒரு முனையைப் பார்த்துச் செய்த ஆறு அமினோ அமிலத் துண்டு இது. சுருக்கம் போகப் போடும் போட்டாக்ஸ் ஊசி வெட்டுவதும் அதே ஸ்நாப்-25-ஐத்தான். அதனால்தான் சுருக்கக் க்ரீம்களில் இது அடிக்கடி தலைகாட்டும்.

எனக்கு முன்பே ஒரு சந்தேகம். குளவிக்கடி அலர்ஜி உள்ளவர்கள் தொடக்கூடாது என்று ஒரு வரி எங்கும் இல்லை. நிஜ விஷம் இருந்தால் அந்த வரியைத்தானே சிவப்பில் போடுவார்கள்?

துண்டுச்சீட்டில் என்னை எரிச்சல்படுத்திய இடம் இன்னொன்று: "புற்றுநோய் செல்லையே துளைக்கும் குளவி அறிவியல்". விஷயம் உண்மை, இங்கே ஒட்டியதுதான் அநியாயம். பிரேசிலில் இருக்கும் பாலிபியா பாலிஸ்டா என்ற குளவியின் விஷத்தில் எம்பி-1 என்ற பெப்டைட் உண்டு. நல்ல செல் தன் சவ்வில் சில கொழுப்புகளை உள்பக்கமாக மறைத்து வைத்திருக்கும். புற்றுநோய் செல்லில் அவை வெளிப்பக்கம் புரண்டு வந்துவிடும். எம்பி-1 அந்தக் கொழுப்பில் போய் ஒட்டி ஓட்டை போடுகிறது, செல்லின் உள்சரக்கு ஒழுகிப்போகிறது. 2015-ல் பிரிட்டனும் பிரேசிலும் சேர்ந்து இதைக் காட்டியது ஆய்வகத்தில் செய்த மாதிரிச் சவ்வுகளில். 2018-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆட்கள் அதே குளவியின் இன்னொரு பெப்டைடை, 12 அமினோ அமிலம் உள்ளதை, அங்கங்கே மாற்றிக் கோத்தார்கள். சூடோமோனாஸ் கிருமி தொற்றிய எலிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது நாலு நாளில் தொற்று துடைத்தாற்போல் போனது. அமினோ அமிலத்தை மாற்றுவது அழகுக்காக அல்ல. ஓட்டை போடும் வஸ்து நம் நல்ல செல்லையும் துளைத்துவிடக் கூடாது, உடம்பின் நொதிகள் அதை வெட்டித் தின்றுவிடவும் கூடாது. மருந்தாக வருவதற்குள் தாண்ட வேண்டிய மலை அதுதான்.

விஷத்திலிருந்து மருந்தே வராது என்று சொல்ல நான் யார்? பிரேசில் விரியன் பாம்பு ஒன்றின் விஷப் பெப்டைடைப் பார்த்துத்தான் காப்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை பிறந்தது, 1981-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. அதன் தம்பி எனாலாப்ரிலை நான் தினமும் அட்டை அட்டையாக எடுத்துக் கொடுக்கிறேன். அந்த அட்டையில் பாம்புப் படம் இல்லை. இந்த சீரம் டப்பாவிலோ தங்க நிறத்தில் இரண்டு குளவி.

விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன், எந்தக் குளவி, எந்தப் பெப்டைட் என்று. ஐந்தாம் நாள் பதில்: "குளவி விஷத்தின் தூண்டுதலில் உருவான கலவை." மறுபடி எழுதினேன், பதிலே இல்லை.

ஐந்துக்கு ஒன்றரை. ஒன்று கிளிசரினுக்கு, அரை டிராப்பருக்கு.

பாட்டிலை நாத்தனாரிடம் திருப்பிக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "வாசனை நல்லாத்தான் இருக்கு அண்ணி. விஷம் இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க, இனிமே பயமில்லாம போட்டுக்கறேன்."