வெட்டிக் காட்டும் மிதிவெடி: அசலா, வார்ப்பா, அச்சா?

கண்ணிவெடி அகற்றும் பயிற்சிக்கு குறுக்குவெட்டு மாதிரி வேண்டுமென்றால் மூன்று வழிகள் உண்டு. வெடிமருந்து நீக்கிய அசல் மிதிவெடியையே அறுத்து வைக்கலாம். சிலிக்கன் அச்சில் ரெசின் என்ற இறுகும் திரவப் பிளாஸ்டிக்கை வார்க்கலாம். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சிடலாம். விலையை வைத்து முடிவெடுப்பவர்களே அதிகம். முதலில் பார்க்க வேண்டியது, மேசைக்கு எதிரே உட்காரப்போவது யார் என்பதைத்தான்.

அசலை அறுத்து வைத்தால்

கம்போடியாவில் ஏராளமாகக் கிடைத்த சோவியத் பி.எம்.என். ரகத்தை எடுத்துக்கொள்வோம். விட்டம் 112 மி.மீ., உயரம் 56 மி.மீ., பேக்கலைட் உடல். கால்வாசியை வெட்டி எடுத்தால், மேலே கறுப்பு ரப்பர் மூடி, அதை இறுக்கும் உலோகப் பட்டை, பக்கவாட்டில் படுத்திருக்கும், பற்றவைப்பானைத் தட்டும் அடிமுனை, அதன் ஸ்பிரிங், தாமதத்துக்கான மெல்லிய கம்பியும் ஈயத் துண்டும் என்று எல்லாமே தம் இடத்தில் தெரியும். ரப்பர் விரிசல் விட்டிருக்கும் விதம், பட்டையில் ஏறிய துரு, பேக்கலைட்டின் பொருக்கு ஆகியவற்றை வேறு எந்தப் பொருளிலும் அப்படியே கொண்டுவர முடியாது.

சிக்கல் ‘வெற்று’ என்ற சொல்லை நம்புவதில் இருக்கிறது. மனிதநேயக் கண்ணிவெடி அகற்றலுக்கான சர்வதேசத் தரநிலைகளின்படி, வெடிமருந்தோ தீங்கு தரும் வேறெந்தப் பொருளோ துளியும் இல்லாததுதான் வெற்று. மருந்தைச் சுரண்டி எடுத்த பிறகும் மரைகளுக்குள்ளும் ரப்பர் வளையத்துக்கு அடியிலும் எச்சம் தங்கும். ரம்பத்தின் சூடும் உராய்வும் அதன்மேல் படுவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. ஆகவே காலிசெய்வது, அறுப்பது, சான்று எழுதுவது மூன்றும் தகுதிபெற்ற வெடிபொருள் நிபுணர் கையால்தான் நடக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு உருப்படிக்கும் தனித்தனியாக. சான்று இல்லாமல் பழம்பொருள் சந்தையில் வந்தது எதுவானாலும் உயிருள்ளதாகவே கருத வேண்டும்.

அடுத்தது போக்குவரத்து. வெற்று மிதிவெடி மட்டுமல்ல, அதுபோல இருக்கும் போலியும் விமானப் பயணப் பெட்டியில் போகாது. எல்லை தாண்டும் இந்தத் தொல்லையும் ஒரு காரணமாகத்தான் கம்போடியாவில் வெடிபொருள் அகற்றும் பணியில் உள்ள கோல்டன் வெஸ்ட் அறக்கட்டளை அச்சிட்ட பயிற்சி மாதிரிகளில் இறங்கியது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2022-ல் உள்நாட்டுத் தடைச் சட்டமும் வந்தது. அங்கே அசல் உருப்படி வைத்திருக்க நினைப்பவர் முதலில் எழுத்துமூல அனுமதியைக் கையில் எடுத்துக்கொண்டு பேசட்டும்.

ரெசின் வார்ப்பு

வெளித் தோற்றத்துக்கு இதுவே சிக்கனம். ஒரு சிலிக்கன் அச்சு சில பத்து வார்ப்புகள் தாங்கும். மரை, ஆழமான பள்ளம் இருக்கும் இடங்களில்தான் அச்சு முதலில் கிழியும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பாலியூரிதேன் ரெசின் ஈரத்தை இழுத்து நுரைத்துவிடும். டப்பாவைத் திறந்த அன்றே தீர்ப்பது நல்லது. உள்ளுறுப்புகளைத் தனித்தனியாக வார்த்து ஒட்டினால் குறுக்குவெட்டும் செய்யலாம், ஆனால் எதுவும் அசையாது. கண்ணாடிபோன்ற தெளிவு ரெசின் பார்க்க அழகு, வெயிலில் மஞ்சளித்துவிடும்.

முப்பரிமாண அச்சு

அகற்றுபவர் வகுப்புக்கு என் ஓட்டு இதற்கே. பெரிதாக்கலாம் என்பதுதான் முதல் காரணம். சீனாவின் டைப் 72 மிதிவெடி வெறும் 78 மி.மீ. அகலம், 38 மி.மீ. உயரம். இருபது பேர் சுற்றி நின்றால் உள்ளே இருக்கும் தகட்டு ஸ்பிரிங் யாருக்கும் தெரியாது. இரண்டு மடங்காக்கினால் பின்வரிசைக்கும் தெரியும். பக்கத்திலேயே அசல் அளவு ஒன்றும் கட்டாயம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண் பெரிய அளவுக்கே பழகிவிடும்.

அசையும் பாகங்களுக்கு இடையே 0.3 மி.மீ. இடைவெளி விடுங்கள். அதற்குக் குறைந்தால் ஒட்டிக்கொள்ளும், கூடினால் ஆடும். ஸ்பிரிங்கை அச்சிட முயல வேண்டாம், பேனா ஸ்பிரிங் போதும். அச்சுக்கு வழக்கமான பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழை 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகும். நண்பகலில் பூட்டிய வாகனத்துக்குள் வைத்தால் மூடி கோணிக்கொள்ளும். அதே பி.எல்.ஏ., ஸ்பிரிங்கை அழுத்திய நிலையில் நாட்கணக்கில் விட்டால் மெல்ல வளைந்து பிடிமானம் இழக்கும். பி.இ.டி.ஜி. இழை பரவாயில்லை, வெயிலில் கிடக்கப் போகிறதென்றால் ஏ.எஸ்.ஏ. இழை. எதுவானாலும் வகுப்பு முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வையுங்கள்.

எடையையும் கவனிக்க வேண்டும். உள்ளே கால்வாசி மட்டும் நிரப்பி அச்சிட்டது கையில் பொம்மைபோல இருக்கும். பி.எம்.என். அரைக் கிலோவைத் தாண்டும். அடிப்பகுதியில் குழி விட்டு மணலோ பிளாஸ்டரோ அடைத்தால் சரியாகும். பற்றவைப்பான் அமரும் குழியை மட்டும் முழுத் திண்மமாக அச்சிட்டு, அடிமுனையை மொட்டையாக்க வேண்டும். மாதிரி எக்காலத்திலும் வேறொன்றாக மாற இடம் தரக்கூடாது.

மூன்றுமே தோற்கும் இடங்கள்

உலோகங்காணும் கருவிப் பயிற்சி முதலாவது. டைப் 72, பாகிஸ்தானின் பி4 போன்றவற்றில் உலோகம் மிகக் குறைவு. பேனா ஸ்பிரிங் வைத்த மாதிரி தரும் ஒலி அசலின் ஒலி அல்ல. அதற்குகந்த சோதனைத் துண்டுகளைத்தான் புதைக்க வேண்டும்.

இரண்டாவது ஊர்மக்களுக்கான அபாயக் கல்வி. இலங்கையின் வடக்கே முகமாலையில் மண்ணுக்கு மேலே தெரியக்கூடியது, பல மழை கண்டு வெளுத்து மண் ஒட்டிய மூடியின் ஓரம் மட்டுமே. பளிச்சென்ற நிறத்தில் வெட்டிக் காட்டிய மாதிரி அங்கே தவறான உருவத்தைப் பதிக்கும். பழைய இரும்பு பொறுக்குகிறவருக்கு அது, “இவ்வளவுதானா, கழற்றிவிடலாமே” என்ற தைரியத்தையும் கொடுத்துவிடும். அங்கே படமும், மங்கலாகப் பூசிய வெளித்தோற்ற மாதிரியும் போதும். அதையும் கைமாற்றிக் காட்டக்கூடாது; பிள்ளைகள் முன் அறவே கூடாது, தொட்டுப் பழகிய கை வயலில் தயங்காது.

எந்த வகை மாதிரியானாலும் அடியில் எண் பொறித்து, வெட்டுமுகத்துக்குச் சிவப்பு பூசி, பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் அதன் வடிவில் நுரைப்பள்ளம் வெட்டுங்கள். ஒரு பள்ளம் காலியாக இருந்தால் பெட்டி பூட்டப்படக்கூடாது. காணியில் தவறி விழுந்த மாதிரியை யாராவது கண்டு தகவல் கொடுத்தால், அங்கே வேலை நிறுத்தி ஒரு குழுவே வந்து பார்க்க வேண்டியிருக்கும்.