கிரியேட்டின் கைனேஸா, அசிடேட் கைனேஸா?

செல் இல்லாமல் சோதனைக்குழாயில் புரதம் தயாரித்தால் அதற்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு சீக்கிரமே தீரும். தீர்ந்ததில் பாஸ்பேட்டைத் திரும்ப ஒட்டித்தருவதுதான் இந்த இரண்டு நொதிகளின் வேலை.

அசிடேட் கைனேஸ் ஈ.கோலை பாக்டீரியாவை உடைத்து எடுக்கும் சாற்றிலேயே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டாம், பாஸ்பேட்டைக் கொடுக்கும் அசிட்டைல் பாஸ்பேட்டை மட்டும் ஊற்றினால் போதும், விலையும் குறைவு. ஆனால் அந்தப் பொருள் 37 டிகிரியில் தானாகவே சிதையும், மிஞ்சும் அசிடேட் வேறு சேர்ந்துகொண்டே போகும்.

கிரியேட்டின் கைனேஸ் பெரும்பாலும் முயல் தசையிலிருந்து எடுப்பது. ஈ.கோலையில் இது கிடையாது என்பதால் நாமேதான் சேர்க்க வேண்டும். 2001இல் ஜப்பானில் வெளியான, தூய்மையாக்கிய கூறுகளை மட்டும் கலந்து செய்யும் பியூர் முறை, கோதுமை முளைச் சாறு எல்லாம் இதை நம்பித்தான் ஓடுகின்றன. இதற்குப் பாஸ்பேட் கொடுக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டின் விலை கொஞ்சம் கடிக்கும், அப்புறம் நொதியின் வினைமையத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் வேலை நின்றுவிடும், அதனால் அதைத் தடுக்கும் டிடிடி (DTT) போடாமல் விடாதீர்கள்.

இரண்டிலுமே கடைசியில் பாஸ்பேட் குவிந்து புரதத்தைக் கட்டும் ரைபோசோமுக்கு வேண்டிய மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதில் வித்தியாசமே இல்லை. என்னைக் கேட்டால், சொந்தமாகச் சாறு தயாரித்து நிறைய வினை ஓட்டுபவருக்கு அசிடேட் கைனேஸ், தூய்மையான கூறுகளை வைத்துச் செய்பவருக்குக் கிரியேட்டின் கைனேஸ்.