46 படி கீழே ஒரு பிரசவ வகுப்பு

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல இருந்து பத்து நிமிஷ நடை. ரோட்டுல நின்னு பார்த்தா தகரக் கூரை மட்டும்தான் தெரியும், வீடு பள்ளத்துல இருக்கு. 46 படி. எட்டு மாச வயித்தோட எண்ணி எண்ணி இறங்கினதால கணக்குல சந்தேகமே இல்ல. பிள்ளைத்தாச்சிங்களுக்கு நடத்துற வகுப்பை இப்படி ஒரு குழியிலயா வெப்பாங்கன்னு முதல் நாள் எரிச்சலா வந்துச்சு. "இறங்கும்போது மெதுவா வா, ஏறுறது உனக்கு நல்லதுதான்"னாங்க வகுப்பு எடுக்கிற சிஸ்டர். அந்தச் சமாதானத்தை நான் இன்னிக்கு வரைக்கும் ஏத்துக்கல.

வாசல்ல போர்டு கிடையாது. பேரையும் எழுத வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால சிஸ்டர்னே சொல்றேன். கோயம்புத்தூர்ல பிரசவ வார்டுல ரொம்ப வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி மலைக்கு வந்தவங்க. சனிக்கிழமை காலையில 10 மணியில இருந்து 12 வரைக்கும், மொத்தம் 5 வாரம், 1,500 ரூபாய். 30 வாரம் தாண்டினவங்களைத்தான் சேர்த்துக்குவாங்க. டாக்டர் படுத்தே இருக்கணும்னு சொல்லியிருந்தா சேர்க்க மாட்டாங்க. எங்க செட்ல 6 பேர்.

எங்க வீடு கோடநாடு போற வழியில. வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரிக்கு இலை வண்டி ஓட்டுறார். எனக்கு நெகட்டிவ் குரூப் ரத்தம், அதனால பிரசவத்தை ஊட்டியில வெச்சுக்கோங்கன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. தேதி நவம்பர் கடைசி. நீலகிரியில இருக்கிறவங்களுக்கு அந்த மாசத்தைப் பத்தி விளக்கவே வேண்டாம். 2009 நவம்பர் மண்சரிவை மறந்த வீடு இங்க ஏது?

வகுப்புக்குப் போன காரணம் பயம்தான். வளைகாப்பு அன்னிக்கு வளையல் போட வந்த ஒவ்வொருத்தரும் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கதை சொல்லிட்டுப் போனாங்க. எங்க அம்மாயி எஸ்டேட் லயன் வீட்டுல மருத்துவச்சி கையால ஏழு பெத்தவங்க. அவங்க சொன்ன ஒரே யோசனை, "வலி வந்தா பல்லைக் கடிச்சுக்கோ." சிஸ்டர் முதல் வாரமே அதைத் தலைகீழாக்கிட்டாங்க. பல்லைக் கடிச்சா தோள் இறுகும், இடுப்பு இறுகும், மூச்சு நின்னு போகும்னாங்க. மூக்கால இழுத்து, சூடான டீயை ஊதுற மாதிரி வாயால மெதுவா விடணும். கையில நிஜமாவே டீ கிளாஸைக் குடுத்து ஊதச் சொன்னாங்க. கேலியாத்தான் இருந்துச்சு. ஆனா பிரசவ வார்டுல அந்த கிளாஸ் ஞாபகம்தான் வந்துச்சு.

ரெண்டாவது வாரம் பெரிய ரப்பர் பந்து. அதுல உட்கார்ந்தா முட்டியை விட இடுப்பு கொஞ்சம் மேல இருக்கணும். எனக்கு 65 செ.மீ. பந்து பெருசா போச்சு, 55தான் சரியா வந்துச்சு. குட்டையா இருக்கிறவங்க வாங்கும்போது இதைக் கவனிங்க. சிஸ்டர் வீட்டுத் தரை சிமென்ட், கொஞ்சம் சரிவு வேற. பந்து தானா சமையலறைப் பக்கம் நகரும். எப்பவும் ஒருத்தர் பின்னாடி பிடிச்சுக்கணும். பந்து இல்லாதவங்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து சாய்மானத்து மேல கையைப் போட்டுச் சாஞ்சுக்கலாம்னு காட்டினாங்க. ஆரம்ப வலியில மல்லாந்து படுத்துக் கிடக்காம நடக்கிறது, நிக்கிறது, குனிஞ்சு சாயுறது எல்லாம் வலி நேரத்தைக் குறைக்கும். முதல் குழந்தைக்குக் கர்ப்பவாய் 5 செ.மீ. திறக்கிற வரைக்கும் ரொம்ப மெதுவாத்தான் போகும், அதுவே பல மணி நேரம் எடுக்கும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தது எனக்குப் பெரிய உதவி. இல்லைன்னா ராத்திரி 2 மணிக்கு "3 செ.மீ. தான்"னு கேட்ட உடனே அழுதிருப்பேன்.

மூணாவது வாரம் துணைக்கு வர்றவங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. மத்தவங்க எல்லாம் வீட்டுக்காரரோட வந்தாங்க. நான் அத்தையைக் கூட்டிட்டுப் போனேன். காரணம் இருக்கு. நம்ம அரசு ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குத் துணையா ஒரு பொம்பளையைத்தான் உள்ள விடுவாங்க. இதை சிஸ்டர் முன்கூட்டியே சொல்லியிருக்கணும். தனியார் ஆஸ்பத்திரியிலயே இருந்த பழக்கம் போல. ரெண்டு ஆம்பளைங்க இடுப்பை அமுக்கிவிட நல்லாக் கத்துக்கிட்டு, கடைசியில வராந்தாவுல உட்கார்ந்திருந்தாங்கன்னு பிறகு கேள்விப்பட்டேன்.

அத்தை வந்ததே ஒரு கூத்து. வலி வர்ற நேரத்துல முதுகுத்தண்டு முடியுற இடத்துல உள்ளங்கையை வெச்சு அழுத்தணும், தேய்க்கக் கூடாது. அத்தை பரோட்டா மாவு பிசையுற மாதிரி ஆரம்பிச்சாங்க. அப்புறம், "வலி வந்தா சீரகத்தை வறுத்துத் தண்ணி வெச்சுக் குடுப்போம், அடங்கினா சூட்டு வலி, அடங்கலைன்னா பிள்ளை வலி. இது உங்க புஸ்தகத்துல இருக்கா?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் அமைதி. சிஸ்டர் சிரிச்சுட்டு, "சீரகத் தண்ணி குடுங்கம்மா. கூடவே கொஞ்சம் நடக்கவிட்டு, கொஞ்சம் இடது பக்கமாப் படுக்கவெச்சுப் பாருங்க. எப்படி மாறினாலும் விடாம, நெருங்கி நெருங்கி வந்தா அதுதான்"னாங்க. விளக்கெண்ணெய் பேச்சு வந்தப்போ மட்டும் முகம் மாறிடுச்சு. வலி வரவைக்கிறேன்னு அதைக் குடிச்சு, வயித்தால போய், உடம்புல தண்ணி வத்தி வந்தவங்களை நான் பார்த்திருக்கேன், தொடவே தொடாதீங்கன்னாங்க. அத்தை அன்னிக்கு சாயங்காலமே பாட்டிலை அலமாரி மேல் தட்டுல ஏத்தி வெச்சுட்டாங்க.

நான் இந்த வகுப்புக்கு 5க்கு 4 குடுக்கிறதுக்குக் காரணம் நாலாவது வாரம். எப்போ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்? 5 நிமிஷத்துக்கு ஒரு வலி, ஒவ்வொண்ணும் 1 நிமிஷம், இப்படி 1 மணி நேரம் தொடர்ந்தா கிளம்புங்கன்னு சிஸ்டர் மூணாவது வாரம் முடியும்போது சொல்லியிருந்தாங்க. நான் கையைத் தூக்கினேன். "சிஸ்டர், எங்க வீட்டுல இருந்து ஊட்டிக்குப் பகல்லயே ஒண்ணரை மணி நேரம். தொட்டபெட்டா ஜங்ஷன்ல மூட்டம் இறங்கினா முன்னால போற வண்டியே தெரியாது. 5 நிமிஷம் வரைக்கும் காத்திருந்தா நடுவழியில கட்டபெட்டுலயே பிறந்துடாதா?" அவங்க பதில் சொல்லல. யோசிக்கிறேன்னாங்க.

அடுத்த சனிக்கிழமை ஒரு சார்ட் பேப்பர் தொங்குது. எங்க ஆறு பேர் ஊர், பகல்ல எவ்வளவு நேரம், ராத்திரி மூட்டத்துல எவ்வளவு நேரம், மாத்து வழி இருக்கா, செல்போன் சிக்னல் எங்க விட்டுப் போகும், எல்லாத்துக்கும் கட்டம் போட்டுக் காலியா விட்டிருந்தாங்க. "நான் டவுன் கணக்கைச் சொல்லிட்டேன். இதை வீட்டுல ஓட்டிப் பார்த்து நிரப்பிட்டு வாங்க. தூரத்துல இருக்கிறவங்க 8, 10 நிமிஷத்துக்கு ஒரு வலின்னு ஒழுங்கா வர ஆரம்பிச்சாலே கிளம்பலாமான்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வெச்சுக்கோங்க"ன்னாங்க. பனிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, தண்ணி பச்சையா போனாலோ, பிள்ளை அசைவு குறைஞ்சாலோ எந்தக் கணக்கும் கிடையாது, உடனே கிளம்பணும். 108க்குப் போன் பண்றவங்க எஸ்டேட் டிவிஷன் பேரு, லயன் நம்பர், பக்கத்துக் கோயில் எல்லாம் சொல்லி, ரோட்டு முனையில டார்ச்சோட ஒரு ஆளை நிறுத்தணும். எழுபது வயசை நெருங்குறவங்க, தான் சொன்னது பத்தலைன்னு ஒத்துக்கிட்டு ஒரு வாரத்துல திருத்திட்டு வந்தாங்க. இதை நான் எந்த ஆஸ்பத்திரியிலயும் பார்த்ததில்ல.

எங்க வீட்டுக்காரர் ஒத்திகை ஓட்டம் ரெண்டு விட்டார். பகல்ல 1 மணி 25 நிமிஷம், ராத்திரி 1 மணி 50. ஹேர்பின் வளைவுல முன் சீட்டை விடப் பின் சீட்டுதான் எனக்குத் தாங்குதுன்னும் அப்பதான் தெரிஞ்சுது.

பை விஷயத்துல சிஸ்டருக்கு மார்க் கம்மி. அவங்க குடுத்த லிஸ்ட் கீழ்நாட்டு லிஸ்ட், சமவெளிக்குத்தான் சரி: காட்டன் நைட்டி, துண்டு, பழைய வேட்டித் துணி, தாய்சேய் அட்டை, ஸ்கேன், ஆதார். ஊட்டியில நவம்பர் ராத்திரிக்கு அது காணுமா? ஸ்வெட்டர், ரெண்டு ஜோடி சாக்ஸ், மங்கி கேப், ஃபிளாஸ்க், பிள்ளைக்குக் குல்லா ரெண்டு, டார்ச் எல்லாம் நாங்களா சேர்த்தோம். துணைக்கு வர்றவங்களுக்கும் கம்பளி வேணும். அத்தை என் சால்வையைப் பிடுங்கிக்கிட்டாங்க.

பெரிய குறை ஒண்ணு இருக்கு. சிசேரியன் பத்தி மொத்தம் 15 நிமிஷம்தான் பேசினாங்க. எங்க செட்ல ஒரு அக்காவுக்குக் கடைசி வரைக்கும் பிள்ளை தலை திரும்பல, ஆபரேஷன்னு முடிவாயிடுச்சு. முதுகுல ஊசி போட்டாலும் முழிச்சுக்கிட்டேதான் இருப்போம், இருமும்போது தையல் மேல தலையணையை அமுக்கிக்கணும், பக்கவாட்டுல படுத்துப் பால் குடுக்கலாம். இதையெல்லாம் அந்த அக்கா ஆஸ்பத்திரியிலதான் கத்துக்கிட்டாங்க. வகுப்புல நாங்க எல்லாம் பந்துல ஆடும்போது அவங்க ஜன்னலோரமா உட்கார்ந்து வர்க்கி சாப்பிட்டுக்கிட்டு இருந்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. வர்க்கி நல்ல வர்க்கி, அதைச் சொல்லியாகணும். சக்கரை இருக்கிறவங்களுக்குத் தனியா சுண்டல் வெப்பாங்க.

எனக்கு ராத்திரி 9 மணிக்கு வலி எடுத்துச்சு. சீரகத் தண்ணி குடிச்சேன், நடந்தேன், படுத்தேன், அடங்கல. 8 நிமிஷத்துக்கு ஒண்ணு ஆனதும் டாக்டர் சொல்லிவெச்சபடி சித்தப்பா மகன் ஆம்னி வேன்ல கிளம்பிட்டோம். கட்டபெட்டு தாண்டினதும் மூட்டம். நான் பின் சீட்டுல இடது பக்கமாச் சாஞ்சு டீ ஊதிக்கிட்டே வந்தேன். 2 மணிக்கு ஆஸ்பத்திரி, 3 செ.மீ. வராந்தாவுல அத்தை கையைப் பிடிச்சுக்கிட்டு விடியற வரைக்கும் நடை. அத்தை உள்ளங்கையாலதான் அமுக்கினாங்க, பிசையல. மறுநாள் மதியம் 12:20க்குப் பொண்ணு, 2 கிலோ 900. பிள்ளைக்குப் பாசிட்டிவ் ரத்தம். அடுத்த பிள்ளையைப் பாதிக்காம இருக்க எனக்கு 72 மணி நேரத்துக்குள்ள போட வேண்டிய ஆன்டி-டி ஊசியை அத்தைதான் விடாம கேட்டுப் போட வெச்சாங்க. அதுவும் சிஸ்டர் சார்ட்ல என் பேருக்கு நேரா சிவப்பு மையில எழுதியிருந்ததுதான்.

போறவங்களுக்கு: சீசன்ல சனிக்கிழமைன்னா டூரிஸ்ட் வண்டி நெரிசல் இருக்கும், 9 மணி பஸ்ஸையே பிடிச்சுடுங்க. தரை ஜில்லுன்னு இருக்கும், சாக்ஸ் கொண்டு போங்க. படியில வலது பக்கக் கைப்பிடியைப் பிடிச்சு இறங்குங்க. இடது பக்கத்துது முப்பதாவது படி கிட்ட ஆடுது. நான் மூணு தடவை சொல்லிட்டேன், இன்னும் சரி பண்ணல.