வேலூரில் வாங்கிய சிறுநீரக மாதிரி

காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். வேலூர் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஓர் அறிவியல் சாமான் கடையில் போன மாதம் சிறுநீரக மாதிரி வாங்கினேன். 1,850 ரூபாய் சொன்னார்கள், பேசியதில் ஐம்பது குறைந்தது.

ஒரே பலகையில் குறுக்கே வெட்டிய சிறுநீரகம், நெஃப்ரான் (சிறுநீரை உருவாக்கும் நுண்குழாய்), கிளாமருலஸ் (அதன் தொடக்கத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்நாள முடிச்சு) என மூன்று துண்டுகள். நெஃப்ரானுக்காகவே வாங்கலாம். ஹென்லே வளைவு, அதாவது உடலுக்குத் தண்ணீரை மிச்சப்படுத்த உதவும் கொண்டை ஊசி போன்ற குழாய்ப் பகுதி, ஒரு சாண் நீளத்துக்குப் புடைத்து நிற்கிறது. இறங்கும் பக்கம் தண்ணீர் வெளியேறும், ஏறும் பக்கம் உப்பு மட்டும் வெளியேறும் என்று எத்தனை முறை கரும்பலகையில் அம்புக்குறி போட்டிருப்பேன்! இப்போது பிள்ளைகள் விரலை வைத்தே இறங்கி, திரும்பி, ஏறுகிறார்கள். கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் ஏன் அடர் மஞ்சளாகிறது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

குறை உண்டு. சிரையின் நீலச் சாயம் கையில் ஒட்டுகிறது. விளக்கத் தாளில் இறங்கும் பக்கமும் ஏறும் பக்கமும் எண் மாறியிருந்தன. எடுத்துப் போய்க் காட்டினேன்; கடைக்காரர் முகம் சுளிக்காமல் திருத்திய தாளைக் கொடுத்தார்.

ஆனால் தாளில் ஹென்லே யார் என்று ஒரு வரி இல்லை. “மிஸ், அது ஊர் பேரா?” என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. 1971இலேயே சி.எம்.சி. மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவை நடந்த ஊர்ப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

யாக்கோப் ஹென்லே 1809இல் ஜெர்மனியின் ஃபூர்த் ஊரில் பிறந்தவர். மாணவர் சங்கத்தில் இருந்ததற்காகச் சிறைக்குப் போனவர். சூரிச், ஹைடல்பர்க், பிறகு கடைசிவரை கோட்டிங்கனில் பேராசிரியர். இந்த வளைவை விவரித்தது 1862இல். தொற்றுநோய்க்கு உயிருள்ள கிருமிதான் காரணம் என்று 1840இலேயே எழுதினார். தையல் வேலை செய்த எலீஸ் என்ற பெண்ணைப் படிக்கவைத்து 1846இல் மணந்தார். இரண்டே வருடத்தில் எலீஸ் காசநோயில் இறந்தார். அப்புறம் 1882இல் அந்தக் காசநோய்க் கிருமியைக் கண்டு சொன்னவர் ராபர்ட் கோக், ஹென்லேயிடம் படித்த மாணவர். ஹென்லே அப்போது உயிரோடுதான் இருந்தார்.

பலகையின் பின்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டோம்: யாக்கோப் ஹென்லே, 1809–1885. கேள்வி கேட்டவளின் கையெழுத்து.