மாலைப் பேச்சு, மணல் மேசை, ஓடை நடை: ஒரு விமர்சனம்

நீர்ப்பிடிப்புப் பகுதி (விழும் மழை ஒரே ஓடைக்கு வந்து சேரும் நிலப்பரப்பு), காடு, மண், ஓடை என்று சுற்றுச்சூழல் அறிவியலைப் பொதுமக்களுக்குப் பேசும் ஒரு தன்னார்வக் குழுவின் இந்தப் பருவத் தொடர் முடிந்துவிட்டது. அறைக்குள் நடந்த மாலைப் பேச்சுகள், மணல் மேசையில் ஒரு செய்முறைக் காட்சி, ஒரு மேடை விவாதம், கடைசியாக ஓடையோரம் ஒரு நடை. எல்லாவற்றுக்கும் போய் உட்கார்ந்திருந்தேன். நான் நில வரைபடம் வரைகிற ஆள். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளோடுதான் பிழைப்பு. அதனால் திரையில் வரைபடம் வந்தால் பேசுகிறவரை விட்டுவிட்டு அளவுகோல் எங்கே, வடக்கு எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவேன். சகித்துக்கொண்டு படியுங்கள்.

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கையில் அளவு வைத்திருந்தவர்கள் பேசிய நிகழ்ச்சிகள் எல்லாம் நன்றாக இருந்தன. இயற்கையின் மேல் அன்பு மட்டும் வைத்துக்கொண்டு மேடை ஏறியவர்கள் தூங்க வைத்துவிட்டார்கள்.

மணல் மேசையில் இருந்து தொடங்குகிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உருவான ஏற்பாடு இது. ஒரு பெட்டி நிறைய மணல், மேலே ஆழத்தை அளக்கும் ஒரு கேமரா, பக்கத்தில் ஒரு புரொஜெக்டர். மணலைக் குவித்தால் அந்தக் குவியல் மேலேயே நிறமும் சமவுயரக் கோடுகளும் விழுகின்றன. மேட்டைக் கலைத்தால் கோடுகளும் கூடவே நகர்கின்றன. உள்ளங்கையை விரித்து மணலுக்கு மேலே பிடித்தால் நீல நிறத்தில் மழை பெய்கிறது! சின்னப் பிள்ளைகளை விடப் பெரியவர்கள்தான் அதிகம் முண்டியடித்தார்கள்.

நடத்திய பெண் கெட்டிக்காரர். நடுவில் நீளமாக ஒரு முகடு எழுப்பச் சொன்னார். இரண்டு பக்கமும் மழை பெய்ய வைத்தார். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இரண்டு பள்ளங்களுக்குப் போனது. அப்புறம் ஒரு பையனைக் கூப்பிட்டு முகட்டில் ஒரே இடத்தில் விரலால் லேசாகக் கீறச் சொன்னார். இந்தப் பக்கத்துப் பள்ளம் நிரம்பியதும் தண்ணீர் கீறல் வழியாக அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டது. "இப்போ இந்த இரண்டும் ஒரே நீர்ப்பிடிப்பா, வேறு வேறா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் நின்றார். அந்த மௌனம் நல்ல உத்தி. கோடுகள் பள்ளத்தில் மேட்டை நோக்கி வளையும், முகட்டில் சரிவை நோக்கி வளையும் என்பதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க நான் படாத பாடு படுவேன். இங்கே கூட்டம் அதைத் தானாகவே கண்டுபிடித்தது.

ஒரு குறை. அந்த நீல மழை மணலுக்குள் ஊறுவதைக் காட்டாது. மேலேயே ஓடிப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். நிஜத்தில் மழையின் பெரும்பகுதிக் கதை மண்ணுக்குள் நடக்கிறது. அதை ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டால், மழை விழுந்ததெல்லாம் நேராக ஓடைக்குப் போய்விடும் என்ற நினைப்போடு ஜனங்கள் வீட்டுக்குப் போவார்கள்.

மாலைப் பேச்சுகளில் எனக்குப் பிடித்தது ஹப்பார்ட் புரூக் பற்றியது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள மலைக்காடு அது. 1963-ல் ஜீன் லைக்கென்ஸ், ஹெர்பர்ட் போர்மன் முதலானவர்கள் அங்கே ஒரு வேலையைத் தொடங்கினார்கள். சின்னச் சின்ன ஓடைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நீர்ப்பிடிப்பு, அடியில் தண்ணீர் புகாத பாறை. ஆகவே உள்ளே வருவது மழையும் பனியும். வெளியே போவதை ஓடையின் வாயில் அளந்துவிடலாம். வந்ததில் போனதைக் கழித்தால் மிச்சம் ஆவியாகிக் காற்றுக்குப் போனது. தண்ணீருக்கு மட்டும் என்றில்லை, கால்சியம், செடிகளுக்கு உரமாகும் நைட்ரேட் என்று ஒவ்வொன்றுக்கும் வரவு செலவுக் கணக்கு எழுதலாம்.

1965-ல் ஒரு நீர்ப்பிடிப்பில் இருந்த மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு கட்டையைக் கூட வெளியே கொண்டுபோகவில்லை. மண் கலையக் கூடாது என்பதற்காக அப்படியே போட்டுவிட்டு, புதிதாக எதுவும் முளைக்காமல் களைக்கொல்லி தெளித்துவந்தார்கள். பேச்சாளர் இந்த இடத்தில் நிறுத்தி, "ஓடையில் என்ன மாறியிருக்கும்?" என்றார். தண்ணீர் கூடும் என்று எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். முதல் ஆண்டில் ஏறக்குறைய 40 விழுக்காடு கூடியது. ஆனால் அடுத்த வரைபடம் வந்ததும் அறையில் ஒரு சலசலப்பு. ஓடையின் நைட்ரேட் அளவு, குடிநீருக்கான வரம்பையே தாண்டி எகிறியிருந்தது. உரம் போட்டவர் யாருமில்லை. மண்ணில் நுண்ணுயிர்கள் எப்போதும் போல நைட்ரேட் தயாரித்துக்கொண்டே இருந்தன, எடுத்துக்கொள்ள வேர்கள்தான் இல்லை. அந்த நைட்ரேட் போகிற வழியில் கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இதை அவர் சொன்ன விதம் அழகு. குரலை உயர்த்தவில்லை. வெட்டாத பக்கத்து நீர்ப்பிடிப்பின் கோட்டை மேல் படத்திலும், வெட்டியதன் கோட்டைக் கீழ்ப் படத்திலும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பிறகு அமில மழைக்கு வந்தார். அந்த மழை நீண்ட காலமாக மண்ணின் கால்சியத்தைக் கரைத்துக்கொண்டிருந்ததால், 1999-ல் வேறொரு நீர்ப்பிடிப்பின் மேல் ஹெலிகாப்டரில் கால்சியம் சிலிக்கேட் தூவியிருக்கிறார்கள். இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் காடு என்ன செய்கிறது என்று பார்க்க! காட்டின் வரைபடத்தில் அளவுகோல் இல்லை என்பதைத் தவிர இந்தப் பேச்சில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மேடை விவாதத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பாதி நேரம் ஒருவரையொருவர் வரவேற்றுக்கொண்டார்கள். மீதி நேரம் விழிப்புணர்வு வேண்டும் என்றார்கள். அதைக் கேட்கத் தேடி வந்த கூட்டத்திடமே அதைச் சொன்னால் எப்படி? ஒருவர் மட்டும் நியூயார்க் நகரத்தின் குடிநீரைத் தொட்டார். பெரிய வடிகட்டும் நிலையம் கட்டுவதற்குப் பதிலாக நகரத்துக்குத் தண்ணீர் வரும் மேற்பகுதி மலைகளைக் காப்பாற்றினார்கள் என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார். அட, சுவாரசியமே அங்கேதானே தொடங்குகிறது! மேற்பகுதி ஊர்களோடு செய்துகொண்ட 1997 ஒப்பந்தத்தின்படி நகரம் மேற்பகுதியில் நிலம் வாங்கியது, அங்குள்ள வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளைச் சரிசெய்யப் பணம் கொடுத்தது, பண்ணைகளின் மாட்டுச் சாணம் ஓடையில் கலக்காமல் இருக்க விவசாயிகளோடு உட்கார்ந்து பேசியது. சாக்கடைக் குழாயும் சாணமும் மேடைக்கு அழகில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

கேள்வி நேரமும் இதே கதைதான். மைக் கையில் கிடைத்தவர்கள் கேள்வி கேட்பதில்லை, தங்கள் சொற்பொழிவைத் தொடங்கிவிடுகிறார்கள். ஒருங்கிணைப்பாளர் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தால் நல்லது.

ஓடை நடைக்குத்தான் என் முழு மதிப்பெண். ஓடையின் குறுக்கே ஒரு தகடு, அதில் முக்கோணமாக ஒரு வெட்டு. தண்ணீர் அந்த வெட்டு வழியாக மட்டுமே விழுகிறது. பக்கத்தில் உயரம் பார்க்க ஓர் அளவுக்கோல். வழிகாட்டி கேட்டார்: "வெட்டில் தண்ணீரின் உயரம் இரண்டு மடங்கானால், ஓட்டம் எத்தனை மடங்காகும்?" இரண்டு என்றார்கள், நான்கு என்றார்கள். விடை ஐந்தரை மடங்குக்கும் மேலே. உயரம் இரட்டித்தால் வெட்டின் அகலமும் இரட்டிக்கிறது, ஆக பரப்பு நான்கு மடங்கு. வேகமும் 1.4 மடங்கு கூடுகிறது. பெருக்கிப் பாருங்கள். ஒரு சாண் ஏறியதற்கு ஏன் இவ்வளவு வெள்ளம் என்று கேட்கிறவர்களுக்கு இதை விட நல்ல விளக்கம் கிடைக்காது.

அப்புறம் ஒரு வெள்ளைத் தட்டில் ஓடைக் கற்களைக் கழுவிக் காட்டினார்கள். மேஃப்ளை பூச்சியின் இளம்பருவம் ஒன்று வயிற்றின் இருபுறமும் செவுள்களைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கேடிஸ் பூச்சியின் புழு மணல் துகள்களைத் தன் பட்டு நூலால் ஒட்டி உறை செய்துகொண்டு அதற்குள் இருந்தது, தலை மட்டும் வெளியே. அழுக்குத் தண்ணீரை இவை தாங்காது. புட்டியில் பிடித்த தண்ணீர் அந்த நிமிடத்தைத்தான் சொல்லும். மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும் இந்தப் பூச்சிகளோ, இதற்கு முன் ஓடையில் என்ன கலந்தது என்பதையும் சொல்லிவிடும். பார்த்து முடித்த கல்லை எடுத்த இடத்தில், எடுத்த பக்கமாகவே திருப்பி வைக்கச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் கூட்டம் மிக அதிகம். வரிசையின் வாலில் நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வழுக்குப் பாறை உண்டு, இறக்கம் செங்குத்து என்பதை அறிவிப்பில் எழுதவே இல்லை. முழங்கால் வலியோடு வந்த ஒரு பெரியவர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு குழுவாகப் பிரித்து, கைப்பிடி உள்ள பாதையில் ஒன்றை நடத்தலாம்.

அடுத்த பருவத்துக்கு எல்வா ஆற்றை அறிவித்திருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் 1913-லும் 1927-லும் கட்டி முடித்த இரண்டு அணைகளை 2011-ல் உடைக்கத் தொடங்கி 2014-ல் முடித்த கதை. சால்மன் மீன் திரும்பி வந்ததைக் கட்டாயம் காட்டுவார்கள், காட்டட்டும். எனக்கு வேண்டியது, அணைகளுக்குப் பின்னால் சேர்ந்து கிடந்த ஏறக்குறைய 2 கோடி கனமீட்டர் வண்டல். அது எங்கே இறங்கியது, ஆற்றின் படுகை எவ்வளவு உயர்ந்தது, முகத்துவாரம் எப்படி வளர்ந்தது என்று குறுக்குவெட்டுப் படத்தோடு விளக்குகிற ஆளைக் கூப்பிட்டால் நான் முன்வரிசையில் இருப்பேன்.